மிஸ்ஸும் இரவல் பிள்ளைகளும்

எங்கள் மிஸ்ஸிடம் "ஏறக்குறைய" என்று சொல்லிவிட்டு ஒருவரும் தப்பியதில்லை. முச்சக்கர வண்டிக்காரர் போனில், "பத்து நிமிசத்துல வந்துருவேன்" என்பார். "அதை விடும். இப்ப எந்த இடத்தில நிக்கிறீர்? அதைச் சொல்லும்" என்பார் மிஸ். மழை கொட்டும்போது, எப்போது விடும் என்று யாராவது சும்மா வாய்ப்பேச்சுக்குக் கேட்டால்கூட எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து "தெரியாது" என்பார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு திருப்தி. மற்றவர்கள் கூச்சப்பட்டுச் சொல்கிற சொல்லை இந்த மனுசி வயிறு நிறையச் சாப்பிட்டவர் மாதிரிச் சொல்கிறாரே என்று முதல் மாதமெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மிஸ் என்றால் பள்ளிக்கூட மிஸ் அல்ல. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில், புடைவைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஆறு பேருக்கும் அவர் சுப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பிலேயே காலத்தைக் கழித்தவர். நான் கொட்டாஞ்சேனைக்காரி, ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். "உம்மட தமிழில பாதி இந்தியா, பாதி சிங்களம். இதில நீர் எங்க நிக்கிறீர்?" என்று கேலி செய்வார். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன் மிஸ்" என்பேன். சிரிக்கமாட்டார். ஆனால் அன்று முழுக்க என் மேல் கொஞ்சம் கனிவாக இருப்பார்.

அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர், கை நீட்டினால் தொடலாம். மற்றதைத் திறக்கவே முடியாது. ஏசியின் வெளிப்பெட்டியைக் கொண்டுவந்து அதற்கு நேரே பொருத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம்தான் கடல். ரயில் போகாத நேரங்களில் அலைச் சத்தம் கேட்கும். பத்து வருடத்தில் அந்த அறையிலிருந்து ஒரு நாள்கூட நான் கடலைக் கண்டதில்லை. ஆனால் நாள் முழுக்கக் கப்பலைப் பற்றித்தான் எங்கள் வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருந்த ஏழைகளை அரசாங்கச் செலவில் கப்பலேற்றி, நியூ சவுத் வேல்ஸ் என்ற தங்கள் குடியேற்ற நாட்டுக்கு அனுப்பினார்களாம். அந்தப் பதிவேடுகளைப் படம் பிடித்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்கு அனுப்பும். பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தைப் பார்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் அடிப்போம். பெயர், வயது, தொழில், ஊர், மதம், எழுத வாசிக்கத் தெரியுமா, பெற்றோர் பெயர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, உடம்பு எப்படி. கடைசிப் பத்தி, கப்பலில் நடத்திய விதம் பற்றி முறைப்பாடு ஏதும் உண்டா என்பது. அதில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் இருக்கும். மூன்று மாதம் கப்பலின் அடித்தட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லையாம். முதல் நாள் அதைப் பார்த்து நான் சிரித்தேன். "நீர் எண்டால் என்ன சொல்லியிருப்பீர்?" என்று மிஸ் கேட்டார். யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இறங்கவிட்டால் போதும் என்று நிற்கிறவள் வேறு என்ன சொல்வாள்?

அந்தக் காலத்திலும் நினைத்தவரெல்லாம் ஏறிவிட முடியாது. தோட்ட வேலை தெரிந்தவன் வேண்டும், வீட்டு வேலைக்குப் பெண் வேண்டும். வயது கூடினவர்கள் வேண்டாம், சின்னக் குழந்தைகள் நிறைய வேண்டாம். பாதிரியார் கடிதம், வைத்தியர் கடிதம் எல்லாம் வேண்டும். கல்யாணமாகாத சின்னப் பெண் தனியாகப் போக முடியாது. ஒரு குடும்பத்தின் பொறுப்பில் போகவேண்டும். எங்கள் ஆறு பேரில் நாலு பேருடைய காகிதங்கள் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தூதரகத்தில் கிடந்தன. ஆகவே இதெல்லாம் எங்களுக்குச் சரித்திரம் மாதிரியே படவில்லை.

ஒரு கப்பலுக்கு இரண்டு பட்டியல் வரும். ஏறும்போது எழுதியது ஒன்று, இறங்கியதும் அதிகாரிகள் கப்பலுக்குள் வந்து ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்து எழுதியது மற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் மிஸ்ஸின் தனி வேலை. அதில் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஏறும்போது ஒரு குடும்பத்தின் மூத்த மகள் என்று ஒருத்தியைப் பதிந்திருப்பார்கள். வயது பதினேழு. தாய்க்கு வயது முப்பத்தொன்று. இறங்கிய இடத்துப் பட்டியலில் அதே பெண்ணின் பெற்றோர் பத்தியில் வேறு இரண்டு பெயர்கள் இருக்கும், பக்கத்தில் "இருவரும் இறந்துவிட்டார்கள்" என்று இருக்கும்.

"இந்தா, இன்னொரு இரவல் பிள்ளை," என்பார் மிஸ். புத்தகம் இரவல் வாங்குகிற மாதிரி, சைக்கிள் இரவல் வாங்குகிற மாதிரி, கப்பலுக்காக இரவல் வாங்கிய பிள்ளை. "ஏறேக்க தாய் தேப்பன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டும். இறங்கினவுடன வாயைத் திறந்திடும். மூண்டு மாசம் பொய்யோட இருக்க ஏலாது பாருங்கோ."

ஒருமுறை எங்களில் ஒருத்தி, அந்த முப்பத்தொரு வயதுத் தாய்க்குப் பதினேழு வயதில் மகள் இருக்காது, எழுதியவன்தான் பிழை விட்டிருப்பான் என்று நினைத்து, பதினேழை ஏழாக்கி அடித்துவிட்டாள். நல்ல மனதோடு செய்த காரியம்தான். மிஸ் அவளைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தார். "பதிவு பிழை எண்டு சொல்ல நாங்கள் ஆர்? அவன் ஆளை நேர நிப்பாட்டி எழுதினவன். நீர் ஏசிக்குள்ள இருந்து அடிக்கிறீர். கண்ணால கண்டதை அடியும். விளங்காட்டி வெறுமையா விடும்," என்றார். அந்த ஏழு மீண்டும் பதினேழாகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எனக்குத் துளசி என்று ஒரு மகள். கயல் என்று ஒரு பெறாமகள், என் கணவருடைய அண்ணனின் பிள்ளை. வன்னியில் சண்டையின் கடைசி நாட்களில் அந்த அண்ணன் செத்துப்போனார். அண்ணியைத் தேடாத இடம் இல்லை. பத்து மாதக் குழந்தையாகக் கயலை முகாமிலிருந்து என் கணவர் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தபோது, துளசிக்கு மூன்று மாதம். இரண்டு பக்கமும் இரண்டையும் போட்டுப் பால் கொடுத்தேன். இரண்டு பேரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் முதலில் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. அதிலும் ஒரே வீடு இல்லை, பிள்ளைகள் வளர்வதற்குள் நாலு வீடு மாறினோம். இரண்டு பேரையும் வெள்ளவத்தையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். பள்ளி விட்டதும் அவர்கள் ஆபீசுக்கு வந்து, நான் வேலை முடியும்வரை மூலையில் பாயைப் போட்டுக் கிடப்பார்கள். கம்பெனி விதிப்படி வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. மிஸ் விதியையும் மீறவில்லை, பிள்ளைகளையும் வெளியே விடவில்லை. வாசலில் வருவோர் புத்தகம் ஒன்று இருந்தது. தினமும் அதில் இரண்டு பேருடைய பெயரையும், வந்த நேரம், போன நேரத்தையும் தன் கையால் எழுதுவார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் இருவருக்கும் என் பெயர். அன்றன்றைக்கு, பத்து வருடமாக. கயலின் தாயைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான்தான் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி" என்றார். அடுத்த நாள் அந்தப் பாய்க்கு ஒரு தலையணை வந்திருந்தது.

ஆபீசில் யாருக்காவது விசா வரும். ஒருத்தி போவாள், இன்னொருத்தி வருவாள். போகிறவர்கள் எல்லாரும் விண்ணப்பக் கோப்பைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் காட்டுவார்கள். "கிடைக்குமா மிஸ்?" "தெரியாது. ஆனா மூண்டாம் பக்கத்தில தேப்பன்ர பிறந்த ஊர் வேற, அஞ்சாம் பக்கத்தில வேற." அப்படிக் கண்டுபிடிக்காவிட்டால் எத்தனை பேருடைய கதை கந்தலாகியிருக்கும். ஆனால் அவர் மட்டும் எங்கும் போகவில்லை. தாய், தகப்பன், அண்ணன் எல்லாரும் கனடா என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து ஒரு தங்கை போன் எடுப்பாளாம். தகப்பன் செத்தபோதும் போகவில்லை, தாய் செத்தபோதும் போகவில்லை. ஆபீசுக்கு வந்து வழக்கம்போலப் பட்டியல் பார்த்தார். காதல் தோல்வி என்றாள் ஒருத்தி. பிளேனுக்குப் பயம் என்றாள் இன்னொருத்தி. கல்நெஞ்சுக்காரி என்று நான் நினைத்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் கனடா போய் மூன்று வருடத்தில் எங்களைக் கூப்பிட வழி கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு ஏஜென்சிக்காரர் காகிதங்களைச் செய்தார். கயலை என்ன செய்வது என்று கேட்டேன். "அது ஒன்றும் யோசிக்காதீங்க தங்கச்சி. உங்கட சொந்தப் பிள்ளையாப் போட்டுட்டாப் போச்சு," என்றார். பிறப்புச் சான்றிதழும் புதிதாக வந்தது. தாயின் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அனுப்புவதற்கு முதல் நாள் கோப்பை மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பிள்ளை, ஏழு மாச வித்தியாசத்தில ரெண்டு பெத்தனீரோ?"

இதே பிழையை வெள்ளைக்காரர்களின் பட்டியலில் மிஸ் தேடித் தேடிப் பிடிப்பதைப் பத்து வருடமாகப் பார்த்தவள் நான். என் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஏழு மாதம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை கேக் வெட்டுகிறேன். ஆனால் இரண்டையும் நான்தான் பெற்றேன் என்று மனதில் எங்கேயோ முடிவாகியிருந்ததால், அந்தக் கணக்கு எனக்கு ஓடவே இல்லை.

"டேட்டை மாத்திரலாம் மிஸ். ரெட்டைப் பிள்ளைன்னு போட்டா?"

"கப்பல்காரன் வயசை மட்டும்தான் கேட்டவன். இவை எச்சிலை எடுத்து டிஎன்ஏ பாப்பினம். பிடிபட்டால் கயல் மட்டுமில்லை, துளசியும் நீரும் இங்கதான்." கோப்பை மூடினார். "சரி, நீர் விதியை ஒருக்கா வாசிச்சனீரோ? இல்லாட்டி ஏஜென்சிக்காரன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீரோ?"

நான் வாசிக்கவில்லை. அவர் வாசித்தார், இரண்டு நாள் இருந்து. தாய் தகப்பன் இல்லாத, பதினெட்டு வயதாகாத அண்ணன் பிள்ளையை, அண்ணன் பிள்ளை என்று சொல்லியே கூட்டிப்போக ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொன்னாலே போதுமாக இருந்த இடத்தில் நாங்கள் சல்லி கொடுத்துப் பொய் வாங்கியிருக்கிறோம். புது விண்ணப்பம் போனது. கயலுக்கு அப்போது பதினாறு.

சில மாதத்தில் கடிதம் வந்தது. தகப்பனின் மரணச் சான்றிதழ் சரி. தாய்க்குக் காணாமல் போனவர் என்றுதான் காகிதம் இருக்கிறது. ஆகவே, உறவினரல்லாத, பிள்ளையைப் பல வருடமாகத் தொடர்ந்து அறிந்த ஒருவர், அந்தத் தாய் இத்தனை காலத்தில் ஒருமுறையும் பிள்ளையைத் தேடி வரவில்லை என்று சத்தியக் கடதாசி தரவேண்டும். மூன்று மாதத் தவணை. இல்லாவிட்டால் கயலின் விண்ணப்பம் மூடப்படும். மற்ற இருவரும் பயணப்படலாம்.

யாரிடம் போவது? வீட்டுக்காரர்கள் நாலு பேருக்கும் எங்களை மூன்று நாலு வருடம்தான் தெரியும். அதிபர் மாறிவிட்டார். ஆபீசில் பழைய ஆட்கள் ஐந்து பேரும் ஐந்து நாட்டில். பத்து வருடமாகக் கயலைத் தினமும் பார்த்து, பார்த்ததை எழுதியும் வைத்திருந்தவர் ஒரே ஒரு ஆள். என் கணவர் போனில், "நீயும் துளசியும் முதல் வாங்கோ. கயலைப் பிறகு கூப்பிடலாம்," என்றார். நான் போனை வைத்துவிட்டு நேரே மிஸ்ஸிடம் போனேன். மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள்.

"கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் மிஸ்.

"ஏன் மிஸ்? பொய்யா எழுதச் சொல்றேன்? நீங்க கண்ணால பார்த்ததைத்தானே எழுதச் சொல்றேன்."

"வேற ஆரையும் பாரும்."

"வேற யாரு இருக்காங்க?" என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. "நாளைக்கு அவளை எந்த வீட்டுல விட்டுட்டுப் போறது? நீங்க ஒரு பிள்ளையை வளர்த்திருந்தா உங்களுக்குத் தெரியும். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நீங்களும் காகிதமாப் போயிட்டீங்க."

சொன்ன பிறகு கீழே புடைவைக்கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் கேட்டது. மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"கடதாசியில என்ர பேர் எழுதவேணும். பிறந்த திகதி எழுதவேணும். அது கனடாவுக்குப் போகும்," என்றார். "அந்தப் பேரும் அந்தத் திகதியும் ஏற்கெனவே அங்க இருக்கு பிள்ளை."

இருபது வயதில் மிஸ்ஸுக்குக் கனடா விசா வந்தது. அண்ணன் கூப்பிட்ட விசா. தாய், தகப்பன், இவர், மூவருக்கும். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கொழும்பில் அவர்களோடு லொட்ஜில் தங்கியிருந்த சின்னம்மாவின் மகளை ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாளில் விட்டார்கள். வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். மறுபடி வந்து கூட்டிப்போவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிஸ்ஸுக்குக் கொழும்பில் வேலை, பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தது. இருவருக்கும் மூஞ்சியும் கிட்டத்தட்ட ஒன்று. ஏஜென்ட் ஒருவன் மிஸ்ஸின் பாஸ்போர்ட்டில் அந்தத் தங்கையின் படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்தான்.

"அம்மா என்னை அறைக்குள்ள கூப்பிட்டுக் கேட்டவ. கட்டாயப்படுத்தேல்லை. ஆறு மாசத்தில உன்னைக் கூப்பிடுவம் எண்டா. நானும் ஓம் எண்டிட்டன்," என்றார். "போன பிறகுதான் எல்லாருக்கும் விளங்கினது. வந்து சேர்ந்த மகளைத் திருப்பி எப்பிடிக் கூப்பிடுறது? அவையின்ர பதிவில நான் இறங்கிட்டன். அவள் இப்ப அங்க சிற்றிசன். ரெண்டு பிள்ளை. நான் இந்தப் பேரை எழுதி ஒரு கடதாசி அனுப்பினா, ஆரும் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா, அவளின்ர கதி என்ன?"

அப்பா சாகும்போதும் அம்மா சாகும்போதும் போகாததன் காரணம் அதுதான். நான் இங்கே அவருடைய பெயரை எழுதாததும் அதனால்தான். பிள்ளைகள் வந்தார்கள். மிஸ் எழுந்துபோய் வாசல் புத்தகத்தில் நேரத்தை எழுதினார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் போவதில்லை என்று என் கணவருக்குச் சொல்லிவிட்டேன். இவர் கத்தினார், பிறகு அழுதார். துளசி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கயல் வீட்டில் சத்தம் போடாமல் நடக்க ஆரம்பித்தாள். கதவைத் திறப்பதும் மூடுவதும் கேட்காது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. மூன்று பேரும் ஒரே அறைக்குள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இரண்டு மாதம் இருந்தோம்.

தவணைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் மிஸ் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். கையில் ஒரு பெரிய சாக்குப் பை. அதற்குள் பத்து வருடத்து வருவோர் புத்தகங்கள்.

"சத்தியக் கடதாசி முடிக்கிற சமாதான நீதவான் ஆரும் கிட்டடியில இருக்கினமோ?" என்றார்.

"மிஸ், கனடாவுல இருக்கிற தங்கச்சிக்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம் எண்டுவாள். அதாலதான் கேக்கேல்லை." கயல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பிறகு கூப்பிடுறம் எண்டு உம்மட மனுசன் சொன்னதாச் சொன்னனீர். அந்தச் சொல்லோட ஆரையும் விட்டிட்டுப் போகக்கூடாது பிள்ளை. நான் இருந்து பாத்தனான்."

கோயிலுக்குப் பின்னால் இருந்த சமாதான நீதவான் அடையாள அட்டையைப் பார்த்து அவருடைய முழுப்பெயரை எழுதினார். மிஸ் கையெழுத்து வைத்தார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, ஆபீசில் அவருடைய போன் அடித்தது. ஒரு காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார். விசா ஆபீசிலிருந்து ஒரு பெண், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகப் பேசினாள். நான் எதிர் மேசையில் இருந்தேன். கயலைப் பற்றிக் கேட்டாள். மிஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார்: எந்தத் திங்கட்கிழமை முதல் நாளாக வந்தாள், எந்த வாரம் அம்மை போட்டு வரவில்லை, இத்தனை வருடத்தில் அவளைக் கேட்டு யார் யார் வந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

"நன்றி, மிகத் தெளிவாக இருக்கிறது," என்றாள் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு விசயம். உங்களுடைய பெயரிலும், அதே பிறந்த திகதியிலும், அதே ஊரிலும் எங்கள் நாட்டுப் பிரஜை ஒருவர் இருக்கிறார். தகப்பன் பெயரும் ஒன்றுதான். இதை எப்படி விளங்கிக்கொள்வது?"

இரண்டு பிள்ளைகளும் மூலையில் பாயில் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் உண்மையைச் சொன்னால் அங்கே ஒருத்தியின் வாழ்க்கை போகும். தடுமாறினால் கயலின் கடதாசிக்கு மதிப்பில்லை. மிஸ் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"அங்கே இருப்பவர்தான் அவர்களுடைய சொந்த மகள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. எனக்குப் பெற்றோர் யாரென்று தெரியாது. அப்பம்மாவின் பெயரை வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிந்தி என்னைத் தங்கள் பிள்ளையாகப் பதிந்தபோது, என் திகதி தெரியாததால் தங்கள் மகளின் திகதியையே எனக்கும் கொடுத்துவிட்டார்கள். பிழை என்னுடைய பதிவில்தான்."

அந்தப் பெண் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "அப்படியே குறித்துக்கொள்ளலாமா?" என்றாள்.

"குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் மிஸ்.

போன் நின்றது. நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். அதைத் தடுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பேரை அப்பவே குடுத்தனான்," என்றார். "இண்டைக்கு அம்மா அப்பாவையும் குடுத்தாச்சு."

கயலுக்கு விசா அடுத்த மாதம் வந்தது. மூன்று பேரும் ஒரே பிளேனில் வந்தோம்.